செட்டிநாட்டு வீட்டுக்கு எந்த வைஃபை: எட்டு ஆன்டெனா ரூட்டரா, மெஷ்ஷா, கேபிளா?

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பெரிய வீடு வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி இது: வீடு முழுக்க நெட் வர வேண்டும், எதை வாங்கலாம்? வீட்டை விருந்தினர் விடுதியாக மாற்றியவர்கள் கேட்கிறார்கள். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் ஊருக்கு வந்து கூடும் பங்காளிகளும் கேட்கிறார்கள். கடையில் பெரும்பாலும் ஆன்டெனா அதிகமுள்ள ரூட்டரைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். எட்டுக் குச்சி நிமிர்ந்து நிற்கும் பெட்டியைப் பார்த்தால், எந்தச் சுவரையும் தாண்டிவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வீடுகளுக்கு ஆன்டெனாக்களை ஒரே பெட்டியில் குவிப்பது சரிவராது. கட்டுக்குக் கட்டு, அதாவது வீட்டின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று என்று, நெட்டை அங்கங்கே வைஃபையாக விடும் சின்ன ஆக்சஸ் பாயின்ட்டாகப் பிரித்து வைத்து, அவற்றைக் கேபிளால் இணைப்பதுதான் நிலைத்து வேலை செய்யும். கேபிள் இழுக்கவே வழியில்லாத வீட்டுக்கு மெஷ், அதாவது காற்றிலேயே ஒன்றுக்கொன்று நெட்டைக் கடத்தும் பெட்டிகள். ஒரே கட்டோடு முடிகிற வீட்டுக்குப் பெரிய ரூட்டர் தாராளமாகப் போதும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், பல ஆன்டெனா ஏற்பாடு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஆன்டெனா கூடினால் என்ன கூடும்

அலை ஒரே வழியில் நேராக வருவதில்லை. சுவரில் பட்டு, தூணில் பட்டு, பல வழிகளில் வந்து சேரும். அப்படி வரும்போது சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர்தான். வளவில், அதாவது நடு முற்றத்தில், தூண் ஓரமாக நின்று வீடியோ காலில் பேசும்போது படம் உறைந்தால், போனை நாலு விரற்கடை தள்ளிப் பிடித்துப் பாருங்கள். பல நேரம் சரியாகிவிடும். இந்தத் தொல்லைக்குப் பழைய மருந்து, இரண்டு ஆன்டெனாவை அரை அலைநீளமாவது தள்ளி வைப்பது. ஒன்றில் சிக்னல் செத்துப்போகும் நேரத்தில் மற்றொன்றில் பெரும்பாலும் உயிரோடு இருக்கும்.

இரண்டாவது பயன் பீம்ஃபார்மிங். ஒரே சிக்னலை எல்லா ஆன்டெனாவிலும் சற்றே முன்பின்னாக விட்டு, குறிப்பிட்ட போன் இருக்கும் இடத்தில் மட்டும் அலைகள் ஒன்றுகூடும்படி செய்வது. ரூட்டர் ஒரு சோதனைச் சிக்னலை அனுப்பும். அது தனக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று போன் திருப்பிச் சொல்லும். அதை வைத்து ரூட்டர் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

மூன்றாவதுதான் உலகத்தையே மாற்றியது. ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், ஒவ்வொரு ஆன்டெனாவிலும் வேறு வேறு தகவலை அனுப்புவது. காற்றில் எல்லாம் கலந்துதான் போகும். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வழியில் எதிரொலித்து வருவதால், வாங்கும் பக்கத்திலும் பல ஆன்டெனா இருந்தால் கணக்குப் போட்டுப் பிரித்துவிடலாம். எந்த எதிரொலிப்பு தொல்லையாக இருந்ததோ அதுவே இங்கே மூலதனம். இதற்கான காப்புரிமைக்கு 1992ல் விண்ணப்பித்தவர்கள் ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஆரோக்கியசாமி பால்ராஜும் தாமஸ் கைலாத்தும். 1994ல் அது கிடைத்தது. பால்ராஜ் பொள்ளாச்சியில் பிறந்தவர், இந்தியக் கடற்படைக்குச் சோனார் உருவாக்கியவர், 2014ல் மார்க்கோனி பரிசு பெற்றவர். இன்று நம் கையில் இருக்கும் 4ஜி, 5ஜி போன்களும், வைஃபை பெட்டிகளும் பெரும்பாலும் அந்த யோசனையில்தான் ஓடுகின்றன. தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் அவர் பெயர் இன்னும் அதிகமாகச் சொல்லப்பட வேண்டும் என்பது என் ஆசை.

இதன் அருமை இங்கேதான்: நல்ல சிக்னல் இருக்கும்போது பவரை இரட்டித்தால், ஒரு ஹெர்ட்ஸுக்கு ஒரு விநாடியில் ஒரு பிட் மட்டுமே கூடுதலாகப் போகும். ஆன்டெனாவை இரண்டு பக்கமும் இரட்டித்தால் வேகமே இரட்டிக்கும். 2009ல் வந்த வைஃபை 4 ஒரே நேரத்தில் இப்படி நாலு தனித்தனித் தகவல் ஓட்டம்வரை அனுமதித்தது. 2013ல் வந்த வைஃபை 5 அதை எட்டாக்கியது. அதற்குப் பிறகு வைஃபை 6 வந்தது, 2024ல் வைஃபை 7 தரமும் வந்தது. ஓட்டம் எட்டோடு நின்றுவிட்டது. இது ஏன் என்று யோசித்தாலே நம் முடிவுக்குப் பாதி வழி வந்துவிடலாம்.

எட்டுக் குச்சி ரூட்டர்

இரண்டு பக்கமும் என்று சொன்னேன் அல்லவா, அங்கேதான் சிக்கல். பெரும்பாலான போன்களில் வைஃபைக்கு இரண்டு ஆன்டெனாதான். ரூட்டரில் எட்டு இருந்தாலும் ஒரு போனுக்கு இரண்டு ஓட்டத்துக்கு மேல் போகாது. மீதி ஆறு, சிக்னலைக் கூட்டிச் சேர்க்கவும், ஒரே நேரத்தில் இன்னொரு போனைக் கவனிக்கவும் பயன்படலாம். அதுவும் போன்கள் அசையாமல் ஓரிடத்தில், ஒன்றுக்கொன்று தள்ளி இருந்தால்தான் நன்றாக நடக்கும். கல்யாண வீட்டில் யார் அசையாமல் இருக்கிறார்கள்?

அப்புறம், எட்டுக் குச்சி என்றால் எட்டு ஓட்டம் என்று அர்த்தமில்லை. நாலு 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு, நாலு 5 கிகாஹெர்ட்ஸுக்கு என்று பிரித்திருப்பார்கள். பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்த வேக எண்ணும் எல்லா பேண்டையும் (அலைவரிசைப் பிரிவையும்) கூட்டிப் போட்டதுதான். வாங்கும்போது 5 கிகாஹெர்ட்ஸில் 2க்கு 2ஆ, 4க்கு 4ஆ (அனுப்ப எத்தனை ஆன்டெனா, வாங்க எத்தனை) என்று மட்டும் பாருங்கள்.

சரி, கூட்டிச் சேர்ப்பதால் வரும் லாபத்தைக் கணக்கிடுவோம். ஆன்டெனா இரண்டிலிருந்து எட்டானால் நாலு மடங்கு, அதாவது கணக்குப்படி 6 டெசிபெல். நல்ல லாபம்தான். ஆனால் நம் வீட்டுச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒன்றரை அடி, இரண்டு அடி கனம் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அப்படி ஒரு சுவரைத் தாண்டுவதற்குள் அந்த லாபம் கரைந்துவிடும். அதற்குப் பின்னால் இன்னும் சுவர்கள் இருக்கின்றன. ரூட்டர் விடும் பவருக்கும் அரசு விதிப்படி உச்சவரம்பு உண்டு. போன் விடும் பவர் அதையும்விடக் குறைவு. ரூட்டர் சொல்வது போனுக்குக் கேட்கும், போன் சொல்வது ரூட்டருக்குச் சரியாகக் கேட்காது. சிக்னல் கோடு காட்டுகிறது, ஆனால் படம் அனுப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று பலர் சொல்வது இதனால்தான்.

செட்டிநாட்டு வீட்டில் இன்னொரு தனிச் சிக்கல் இருக்கிறது. முகப்பில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாம் கட்டு, அதற்கப்பால் பின்வாசல் என்று வாசல்கள் ஒரே நேர்கோட்டில் தெரியும். முகப்பில் வைத்த ரூட்டரின் சிக்னல் பின்கட்டுக்குப் போவது பெரும்பாலும் அந்த வாசல்கள் வழியாகத்தான். எல்லா ஓட்டமும் ஒரே வாசலில் நுழைந்து வரும்போது அவை வரும் கோணங்கள் நெருங்கிவிடும். வழிகள் வேறுபட்டிருந்தால்தானே பிரிக்க முடியும்? வாசலின் அகலம் அலைநீளத்தைவிடப் பல மடங்கு என்பதால் எல்லாம் ஒன்றாகச் சுருங்கிவிடாது. ஆனாலும் எட்டு ஆன்டெனாவின் பயன் அங்கே வெகுவாகக் குறைந்துவிடும். ராத்திரி அந்தத் தேக்குக் கதவுகளைச் சாத்திய பிறகு நிலைமை இன்னும் மோசம்.

வளவுக்குள் மட்டும் என்றால் இதே ரூட்டர் பிரமாதமாக ஓடும். சுற்றிலும் சுவர், பளபளப்பான கல்தூண், சில வீடுகளில் ரசம் பூசிய பெரிய பெல்ஜியம் கண்ணாடி என்று எதிரொலிப்புக்குப் பஞ்சமே இல்லை. ஒரு வளவும் அதைச் சுற்றிய அறைகளும் மட்டும் கொண்ட வீடு என்றால் 4க்கு 4 ரூட்டர் ஒன்றை வளவின் ஓரத்தில் உயரமாக வையுங்கள், வேலை முடிந்தது. குச்சிகளை எல்லாம் நேராக நிமிர்த்தாமல் சிலவற்றைப் படுக்கையாகச் சாய்த்து வைத்தால் நல்லது. போனை நிமிர்த்தியும் சாய்த்தும் பிடிப்பார்கள். இரண்டு திசை அதிர்வும் கிடைத்தால் ஓட்டங்களைப் பிரிப்பது சுலபம். வளவுக்கு மேலே குரங்குக்காகக் கம்பி வலை போட்டிருந்தால், அதை நம்பி மொட்டைமாடிக்குச் சிக்னல் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வலைக்கண் ஓர் அங்குலத்துக்குள் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் கணிசமான பகுதி கீழேயே திரும்பிவிடும்.

வரும் சிக்னலைப் பிடித்து மறுபடி விடும் ரிப்பீட்டர் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். அந்தக் காசைச் சேர்த்து வைத்து அடுத்த இரண்டில் ஒன்றுக்குப் போங்கள்.

மெஷ்

மெஷ் பெட்டிகள் காற்றிலேயே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். சுவரில் துளை வேண்டாம், கேபிள் வேண்டாம். பங்காளிகள் பத்துப் பேர் சம்மதித்தால்தான் சுவரில் ஆணி அடிக்க முடியும் என்ற வீட்டுக்கு இது வரப்பிரசாதம்.

ஆனால் இரண்டு பேண்ட் மட்டும் உள்ள மெஷ்ஷில், போனுக்கு அனுப்புவதும் அடுத்த பெட்டிக்கு அனுப்புவதும் ஒரே அலைவரிசையில்தான். ஒரு தாவலுக்கு வேகம் ஏறக்குறைய பாதியாகும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, பின்கட்டு என்று மூன்று தாவல் போனால் மிஞ்சுவது என்ன என்று நீங்களே கணக்குப் பாருங்கள். பெட்டிகள் தமக்குள் பேசிக்கொள்ளவென்றே தனி பேண்ட் வைத்த மூன்று பேண்ட் மாடலை எடுங்கள். வைஃபை 7 மெஷ் என்றால் இரண்டு பேண்டையும் சேர்த்து ஒரே இணைப்பாக ஓட்டும் வசதி உண்டு, அது இங்கே உண்மையிலேயே உதவும். 4க்கு 4 ஆன்டெனாவுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தம் இருக்கும் இடமும் இதுதான், ஏனென்றால் இரண்டு பக்கமும் நாலு நாலு இருக்கிறது. மேலே சொன்ன அந்த நிபந்தனை இங்கே நிறைவேறுகிறது.

பெட்டிகளை அறைக்குள் வைக்காமல் வாசல்களின் நேர்கோட்டை ஒட்டி வையுங்கள். உலர்ந்த தேக்குக் கதவு சுண்ணாம்புச் சுவரைவிட அலையைக் குறைவாகவே தடுக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிளக் பாயின்ட் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். பழைய கட்டுகளில் அதுவே பெரிய தேடலாகிவிடும். கரண்ட் போனால் நடுவில் உள்ள பெட்டி ஒன்று அணைந்தாலும் அதற்குப் பின்னால் உள்ளது எல்லாம் போய்விடும்.

கேபிளில் தொங்கும் ஆக்சஸ் பாயின்ட்டுகள்

நான் பரிந்துரைப்பது இதைத்தான். கூரையிலோ சுவர் உச்சியிலோ வைக்கும், தட்டு வடிவிலான சின்ன ஆக்சஸ் பாயின்ட்டுகள். வெளியே குச்சி ஒன்றும் தெரியாது. உள்ளே உலோகத் தகட்டின் மேல் சின்ன ஆன்டெனாக்களை ஒன்றுக்கொன்று செங்குத்தான திசையில் வைத்திருப்பார்கள். அவ்வளவு நெருக்கத்தில் வைத்தால் ஒன்றின் சிக்னல் மற்றொன்றில் கசியும். அதைத் தடுக்கத் தகட்டில் கீறல் வெட்டுவது, இடையில் தடுப்பு வைப்பது, ஒவ்வொன்றும் வேறு திசையைப் பார்க்கும்படி வடிவமைப்பது என்று கடந்த இருபது வருஷத்தில் நிறைய வேலை நடந்திருக்கிறது. ஆன்டெனா எண்ணிக்கை பேசப்படும் அளவுக்கு இந்த வேலை வெளியே பேசப்படுவதில்லை. உண்மையில் இரண்டு ஆன்டெனாவை நன்றாகப் பிரித்து வைத்த பெட்டி, நாலை அடைத்து வைத்த மட்டமான பெட்டியைவிட மேல்.

கட்டுக்கு ஒன்று என்று வைஃபை 6, 2க்கு 2 பெட்டி போதும். போனில் இருப்பதும் இரண்டுதானே. இப்போது சுவரைத் தாண்ட வேண்டிய கட்டாயமே இல்லை. தாண்டாமல் இருப்பதுதான் நல்லது. ஒரே அலைவரிசையை முகப்பிலும் பின்கட்டிலும் திரும்பப் பயன்படுத்தலாம். நடுவில் உள்ள கனத்த சுவர்கள் ஒன்று மற்றொன்றைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்ளும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்குக் கிடைக்காத வசதி இது. அதனால் ஒவ்வொரு பெட்டியின் பவரையும் குறைத்து வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 என்ற மூன்று சேனல்களை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். உச்ச பவரில் விட்டால், பின்கட்டுக்குப் போன போன் முகப்புப் பெட்டியையே விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும்.

விசேஷ நாளில்தான் இதன் அருமை தெரியும். இருநூறு பேர் கூடும் பந்தியில் ஒரு மூலையில் அண்டாவை வைத்துவிட்டு எவ்வளவு பெரிய கரண்டி வாங்கினாலும் பரிமாறி முடியாது. வரிசைக்கு ஓர் ஆள் வாளியோடு நிற்க வேண்டும். மாலை மாற்றும் நேரத்தில் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பத்துப் பேர் ஒரே சமயத்தில் வீடியோ அனுப்பும்போது, தனித்தனிப் பெட்டிகள் தனித்தனிச் சேனலில் வாங்கிக்கொண்டால்தான் தாக்குப்பிடிக்கும். அந்த வளவில் மட்டும் 4க்கு 4 பெட்டி வையுங்கள். வைஃபை 6ல் ஒரே சேனலைச் சின்னத் துண்டுகளாக வெட்டிப் பல போன்களுக்கு ஒரே நேரத்தில் கொடுக்கும் வசதியும் உண்டு. கூட்டத்தில் ஆன்டெனா எண்ணிக்கையைவிட இது அதிகம் கைகொடுக்கும்.

கேபிள் இழுப்பதுதான் இதில் கஷ்டம், அதை மறைக்க மாட்டேன். "தம்பி, சுவத்துல மட்டும் கை வைக்காம என்ன வேணாலும் பண்ணுங்க" என்று ஓர் ஆச்சி என்னிடம் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. முட்டை வெள்ளைக் கரு சேர்த்து மெழுகிய சுண்ணாம்புப் பூச்சு அது. ஒரு இடத்தில் துரப்பணம் வைத்தால் சுற்றிலும் ஓடு ஓடாகப் பெயர்ந்து வரும். சிமென்ட் வைத்துப் பூசினால் காலத்துக்கும் தழும்பு தெரியும். "சரி ஆச்சி, ஒரு ஆணிகூட அடிக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினோம். வழி இருக்கிறது. பழைய மரக்கட்டை வயரிங் ஓடும் தடத்தை ஒட்டி, அதிலிருந்து சற்றுத் தள்ளி, அதே மர நிறக் குழாயில் கேபிளைக் கொண்டு போகலாம். கட்டுக்குக் கட்டு தாண்ட, நிலைக்கு மேலே காற்றுக்காக விட்ட கம்பி ஜன்னல் இருக்கும். வளவைச் சுற்றிவர, ஓட்டுச் சரிவுக்குக் கீழே கைமரத்தை ஒட்டிக் கட்டிக்கொண்டே போகலாம். எலி கடிக்கும், அதனால் குழாய் இல்லாமல் விடாதீர்கள்.

கேட் 6 கேபிள் 100 மீட்டர்வரை தாங்கும், எவ்வளவு நீளமான வீட்டுக்கும் அது பெரும்பாலும் போதும். பின்கட்டு தனிக் கட்டிடமாக, இடையில் திறந்தவெளி இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் ஃபைபர் போடுங்கள். ஐப்பசி இடியில் செம்புக் கம்பி வழியாக வரும் அதிர்ச்சி இரண்டு பக்கக் கருவிகளையும் சேர்த்தே கொண்டுபோகும். ஃபைபரில் அந்தப் பயம் இல்லை. பெட்டிகளுக்குக் கரண்ட்டும் அதே கேபிளிலேயே போகும், பிஓஇ சுவிட்ச் என்று கேட்டு வாங்க வேண்டும். அந்த ஒரு சுவிட்ச்சையும் ரூட்டரையும் இன்வெர்ட்டரில் போட்டுவிட்டால், கரண்ட் போனாலும் வீடு முழுக்க நெட் இருக்கும். விலையைப் பொறுத்தவரை, உச்ச ரக ரூட்டர் ஒன்றுக்குக் கொடுக்கும் காசும், இப்படி நாலைந்து சின்னப் பெட்டிகளுக்கும் சுவிட்ச்சுக்கும் ஆகும் காசும் அவ்வளவு தூரத்தில் இல்லை. கூலிதான் கூடுதல்.

ஆராய்ச்சி உலகமும் இதே பக்கம்தான் நகர்கிறது என்பது எனக்குச் சந்தோஷம் தருகிற விஷயம். உருவாகிக்கொண்டிருக்கும் வைஃபை 8 ஓட்டங்களைக் கூட்டுவதில் நிற்காமல், பக்கத்துப் பக்கத்து ஆக்சஸ் பாயின்ட்டுகள் தமக்குள் பேசி ஒத்துழைப்பதில் கவனம் வைக்கிறது. செல்போன் உலகத்திலும், ஒரே கோபுரத்தில் நூற்றுக்கணக்கான ஆன்டெனா வைப்பதற்கு மாற்றாக, அவற்றை ஊர் முழுக்கத் தூவி எல்லாம் சேர்ந்து ஒரே ஆளைக் கவனிக்கும்படி செய்யும் முறை பத்து வருஷமாக ஆராயப்படுகிறது. அதற்கும் முதல் தேவை, பின்னால் ஓடும் நல்ல கேபிள்.

வீட்டுக்குள் வருவது ஃபைபரா, 5ஜியா

தெருவில் ஃபைபர் இருந்தால் ஃபைபர். இதில் அதிகம் யோசிக்க வேண்டாம்.

இல்லாத ஊருக்கு, செல்போன் கோபுரத்திலிருந்து காற்றிலேயே வீட்டுக்கு நெட் கொண்டுவரும் 5ஜி ஏர்ஃபைபர் இருக்கிறது. 2023ல் ஏர்டெல்லும் ஜியோவும் இதைத் தொடங்கின. குவிப்பதை இவ்வளவு நேரம் வேண்டாம் என்று சொன்ன நான், கோபுரத்தில் மட்டும் அதுதான் சரி என்பேன். 3.5 கிகாஹெர்ட்ஸில் அரை அலைநீளம் சுமார் 4.3 சென்டிமீட்டர்தான் என்பதால், 64 தனித்தனி ரேடியோ சுற்றுகள் கொண்ட பலகையை ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடக்குறைய உயரத்தில் செய்துவிட முடிகிறது. மொட்டைமாடிக்கு நேராக, குறுக்கே சுவரில்லாமல் அது கற்றையை அனுப்பும். திறந்தவெளியில் வேலை செய்ய உருவானது அது, அங்கே நன்றாகவே செய்கிறது.

ஆகவே கருவியை மாடியில்தான் வைக்க வேண்டும், முகப்பு அறை ஜன்னலில் அல்ல. கோபுரத்தைப் பார்த்தபடி, குறுக்கே தென்னை ஓலை வராத இடத்தில் வையுங்கள். நேர்பார்வையில் எதிரொலிப்பு குறைவு என்றாலும், பலகையின் ஆன்டெனாக்கள் வலமும் இடமுமாக 45 டிகிரி சாய்ந்த இரண்டு திசைகளில் அதிர்வதால் குறைந்தது இரண்டு ஓட்டம் கிடைக்கும். இடிதாங்கியும் எர்த்தும் இல்லாமல் மாடியில் கம்பம் நடாதீர்கள். திருவிழா நாளில் ஊர் முழுக்க அதே கோபுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், வேகம் இறங்கும்; விடுதி நடத்துபவர்கள் இதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கையில் இப்போது காசு குறைவு என்றால் பெட்டிகளைப் பிறகு வாங்குங்கள், கேபிளை மட்டும் முதலில் போட்டுவிடுங்கள். வெள்ளையடிக்க ஆள் வந்து சாரம் கட்டும் நேரம்தான் அதற்குத் தோது. வளவுக்கு ஒன்று, ஒவ்வொரு கட்டுக்கும் ஒன்று, மாடிக்கு ஒன்று என்று இழுத்து, முனைகளில் எந்தக் கட்டு என்று எழுதி ஒட்டி, முகப்பில் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் போதும். அதுவரைக்கும் கையில் இருக்கும் பழைய ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றி வளவில் மாட்டி ஓட்டலாம். பெரும்பாலான மாடல்களில் அதற்கான செட்டிங் இருக்கிறது.